கூடா? வலையா?
சிங்கி இறால் பிடிக்கும் விதங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரத்தில் பாறைகள் அதிகம். பாறைப் பொந்துகளில் பகல் முழுவதும் பதுங்கிக் கிடக்கும் ஒரு பிராணி, இருட்டியதும் இரை தேடி வெளியே வரும். அதுதான் சிங்கி இறால்!

நண்டுக்கு இருப்பது போன்ற பெரிய கொடுக்கு இதற்குக் கிடையாது. முள் நிறைந்த நீண்ட மீசைதான் ஆயுதம். ஆபத்து என்றால் வாலை அடித்துப் பின்பக்கமாகப் பாய்ந்துவிடும்.

வெளிநாட்டு ஓட்டல்களில் இதற்கு ஏக கிராக்கி. உயிரோடு இருந்தால் நல்ல விலை. செத்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும்!

பழைய கூடு

குளச்சல், முட்டம் பகுதி மீனவர்கள் பனை நாரால் கூடு பின்னினார்கள். உள்ளே சிப்பிச் சதையை இரையாக வைத்துப் பாறை ஓரத்தில் இறக்கினார்கள். கூட்டின் வாய் வெளியே அகலம், உள்ளே குறுகல். நுழைவது எளிது. திரும்புவது அரிது.

கூட்டில் விழுந்த சிங்கிக்குக் காயம் இல்லை. கால் ஒடிவதில்லை. குஞ்சாக இருந்தால் உயிரோடு கடலில் விட்டுவிடலாம்.

நைலான் வலை

பிறகு நைலான் வலை வந்தது. பத்துக் கூடுகளை ஏற்றினால் கட்டுமரத்தில் இடம் இராது. வலையோ சுருட்டினால் ஒரு மூட்டை! மாலையில் கடலடியில் விரித்து, காலையில் எடுத்தால் போதும். நிறையச் சிங்கி அகப்பட்டது. கூடு பின்னுவோர் குறைந்தார்கள்.

ஆனால், வலையில் சிக்கிய சிங்கியைப் பிரித்து எடுக்கும்போது காலும் மீசையும் ஒடிகின்றன. விலை குறைகிறது. வலை அறுந்து பாறையில் மாட்டிக்கொண்டாலோ, மக்காமல் கிடந்து வீணாக உயிர்களைக் கொல்கிறது. நார்க்கூடு தொலைந்தால் தானே இற்றுப் போகும்.

தாய்ச் சிங்கி

பெண் சிங்கி லட்சக்கணக்கான முட்டைகளை வயிற்றின் அடியில் சுமக்கும். அதைப் பிடித்தால் அடுத்த தலைமுறையே போயிற்று!

மும்பைக் கடலில் இந்தப் பாடம் கிடைத்தது. அங்கே விசைப்படகுகளின் இழுவை வலைகள், தட்டையான மணல் சிங்கிகளை முட்டையோடு வாரி எடுத்தன. 1994-ம் ஆண்டோடு அந்தத் தொழில் நசிந்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கூண்டு வைத்துத்தான் சிங்கி பிடிக்கிறார்கள். குஞ்சுகள் தப்பிக்கக் கூண்டிலேயே ஒரு சந்து உண்டு. முட்டைச் சிங்கியைக் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். கடல் வளத்தைக் காத்து மீன் பிடிப்பதற்கான சர்வதேச நற்சான்று, உலகிலேயே முதன்முதலாக 2000-ம் ஆண்டில் அவர்களுக்குத்தான் கிடைத்தது.

200 கிராம்

நம் நாட்டிலும் 2003-ல் மத்திய அரசு ஒரு விதி செய்தது. குமரிக் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் சிங்கி வகை 200 கிராமுக்குக் குறைந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது.

ஆனால் வலைக்குத் தராசு தெரியுமா? குஞ்சும் தாயும் அதற்கு ஒன்றுதான். கூட்டில் விழுந்ததையோ எடுத்துப் பார்க்கலாம். வேண்டாததைத் திருப்பி விடலாம்.

இன்று வலை நிறைவது பெரிதல்ல. பேரன் காலத்திலும் பாறைப் பொந்தில் சிங்கி இருக்க வேண்டும். அதுவே லாபம்!