மட்டக்களப்பு ஓர்க்கிட்டை வீட்டு வளவில் வளர்த்தல்

வேனிற் காலத்தில் மரக்கிளையொன்றிலிருந்து நரியின் வால் போன்று ஒரு பூங்கொத்துத் தொங்குமாயின் அது பெரும்பாலும் மட்டக்களப்பு ஓர்க்கிட்டே ஆகும். வெள்ளை இதழ்களில் ஊதா கலந்த செந்நிறப் புள்ளிகள் தெளித்தாற்போன்று விளங்கும். ஒரு கொத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பூக்கள் நெருங்கி அமையும். ரிங்கோஸ்ரைலிஸ் ரெற்றூசா என்பது இதன் தாவரவியற் பெயர். 1753 இல் லின்னேயசு என்னும் அறிஞர் இதனை முதன்முதல் வேறொரு சாதியில் வைத்துப் பெயரிட்டார். இலங்கை தொடங்கி இந்தியா, நேபாளம், பர்மா ஊடாகப் பிலிப்பைன் தீவுகள் வரை இது இயற்கையாக வளர்கின்றது. தமிழ்ப் புத்தாண்டு பிறக்கும் அதே நாட்களிலே அசாமியர் தம் பிகுப் பண்டிகையைக் கொண்டாடுவர். அப்போது அங்குள்ள பெண்கள் கூந்தலிற் சூடும் பூ இதுவே. அம்மாநிலத்தின் பூவாகவும் இது கொள்ளப்பட்டுள்ளது.

ஓர்க்கிட் என்றவுடன் செல்வர் வீட்டுக் கண்ணாடி மனையும் மலைநாட்டுக் குளிரும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் இச்செடி வெப்பத்தைத் தாங்குவது. தடித்த இலையிலும் வேரிலும் நீரைச் சேமித்து வைத்துச் சில கிழமை வறட்சியையும் பொறுப்பது. ஆகையால் உலர்வலயத்துக் கமக்காரர் வீட்டு வளவிலும் இதனை வளர்த்துப் பூக்கச் செய்தல் கூடும். இதற்கு மாறாக, வைகாசியிற் பூக்கும் வெசாக் ஓர்க்கிட் ஈரவலயக் காட்டுக்கே உரியது. அதனை வாங்கி வந்து வடக்கிலோ கிழக்கிலோ வளர்க்க முற்படுவோர் பணத்தையும் செடியையும் இழப்பர்.

குருவிச்சை அன்று

மரத்தின் மேல் வளர்வதாற் பலர் இதனைக் குருவிச்சை எனக் கருதி வெட்டி எறிகின்றனர். இது தவறு. குருவிச்சை தன் வேரை மரத்தினுட் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். ஓர்க்கிட்டின் வேரோ பட்டையின் மேற்பரப்பைப் பற்றுவதோடு நின்றுவிடும். மரத்திலிருந்து உணவு எதனையும் எடுப்பதில்லை. வேரைச் சூழ்ந்து பஞ்சு போன்ற வெண்ணிற உறையொன்று உண்டு. மழை பெய்தவுடன் அவ்வுறை நீரைக் குடித்துப் பச்சை நிறமடையும். காய்ந்ததும் மீண்டும் வெளுக்கும். மழைநீரில் வழிந்து வரும் சிறிதளவு உப்புக்களும் இலைச் சருகின் சாரமுமே அதற்கு உணவு. இவ்வுறை நனைதலும் காய்தலும் மாறி மாறி நிகழ வேண்டும். வளர்ப்பு முறை முழுவதும் இவ்வொரு செய்தியிலேயே அடங்கியிருக்கின்றது. மண் நிரப்பிய சட்டியில் நட்டால் வேர் மூச்சு விட இயலாது அழுகிச் செடி மாண்டுபோம்.

செடியைப் பெறுதல்

காட்டிலிருந்து பிடுங்கிய செடியை வாங்கலாகாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஒதுக்குக் காடுகளிலிருந்து செடிகளைக் கவர்வதைத் தடுக்கின்றன. ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டதாகும். சட்டம் ஒருபுறமிருக்க, வாங்குபவருக்கும் இதனால் நட்டமே. மரத்திலிருந்து உரித்தெடுக்கையில் வேர்களிற் பெரும்பாலானவை அறுந்துவிடும். இலையிலுள்ள நீரைக் கொண்டு செடி சில மாதம் பசுமையாகத் தோன்றி, பின்னர் சுருங்கி இறக்கும். வாங்கியவர் தமது பராமரிப்பிற் குறை என எண்ணி இன்னொன்றை வாங்குவார். காட்டில் இன்னொரு கிளை வெறுமையாகும்.

நாற்றுமேடையில் வளர்ந்த செடியை இனங்காணல் எளிது. அதன் வேர்கள் கூடையின் சட்டங்களை அல்லது கரித்துண்டுகளைப் பற்றியிருக்கும். நுனிகள் பச்சையாகவோ செம்பச்சையாகவோ உயிருடன் இருக்கும். காட்டுச் செடியின் வேர்கள் முறிந்து, மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டியபடி காணப்படும். இலைகளிற் பாசிப் படலமும் பழைய காயங்களும் இருக்கும்.

இடமும் வெளிச்சமும்

மா, புளி, இலுப்பை, பூவரசு ஆகியன போன்று பட்டை சொரசொரப்பாய், உரிந்து விழாததாய் உள்ள மரம் வேண்டும். கொய்யாவும் யூக்கலிப்டசும் பட்டையை உதிர்ப்பன. அவற்றில் ஒட்டிய வேரும் உடன் உதிரும். ஐப்பசியில் மாரி தொடங்கும் வேளை கட்டுவதற்கு ஏற்றது. தலைக்கு மேலான உயரத்தில், காலை வெயில் படும் பக்கத்தில், நுனி சற்றுச் சாய்ந்திருக்கும்படி செடியை வைத்துத் துணி நாடாவினாலோ நைலோன் கயிற்றினாலோ ஆடாது கட்டுக. செப்புக் கம்பி ஆகாது; செம்பு ஓர்க்கிட்டுக்கு நஞ்சு. செடி ஆடுமாயின் புது வேரின் நுனி உராய்ந்து கருகிவிடும். வேர்கள் பட்டையைப் பற்றிக்கொண்ட பின் கட்டை அவிழ்க்கலாம்.

மரம் இல்லாதோர் எட்டு அங்குல மரச்சட்டக் கூடையிற் பெரிய சிரட்டைக்கரித் துண்டுகளையும் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் இட்டுத் தொங்கவிடலாம். பொச்சுத் துண்டு கிராமத்தில் எளிதாகக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் அதனை ஒரு கிழமை நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பையும் கயரையும் நீக்க வேண்டும். சில ஆண்டுகளில் அது உக்கிப்போகும். உக்கியதை மாற்றும்போது வேர் கலையும். இச்செடி வேர் கலைவதை வெறுப்பது. கலைத்தபின் ஓரிரு ஆண்டு பூவாதிருத்தலும் உண்டு. எனவே கரியே சிறந்தது. கூடை போதாதாயின் செடியைப் பிரித்தெடாது, பழைய கூடையுடனேயே பெரிய கூடையினுள் வைத்துவிடுக.

வெளிச்சம் போதுமா என்பதை இலையே சொல்லும். இலை கரும்பச்சையாய் நீண்டு தளர்ந்திருப்பின் நிழல் மிகுதி, பூ வராது. மஞ்சள் படர்ந்து பழுப்புப் புள்ளி காணின் வெயில் மிகுதி. இளம்பச்சையாய் விறைப்பாயிருத்தலே தக்க நிலை. பூக்கவில்லை என்று கூறுவோரின் செடிகளிற் பல, விறாந்தையின் உட்பக்கத்தில் இருளில் தொங்குவனவாகவே இருக்கும்.

நீரும் பசளையும்

சோளகமும் கச்சானும் வீசும் வறண்ட மாதங்களில் நாள்தோறும் காலையில் வேர்கள் பச்சையாகும் வரை நீர் தெளிக்க வேண்டும். மாலையில் ஊற்றும் நீர் இலையிடுக்கில் இரவு முழுவதும் தங்கிக் குருத்தை அழுகச் செய்யும். மாரியில் தொடர்ந்து மழை பெய்யும் நாட்களில் நீரூற்றத் தேவையில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டார் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. கரையோரங்களில் உப்பும் கலந்திருக்கும். மிளகாயும் வெங்காயமும் தாங்கும் நீரை ஓர்க்கிட் வேர் தாங்குமென எண்ணலாகாது. வேர் நுனி கருகுவதும் இலையில் வெண்படை படிவதும் இதன் அறிகுறிகள். கூரையிலிருந்து வழியும் மழைநீரை மூடிய தாங்கியிற் சேமித்து வைத்தல் நன்று. நுளம்பு பெருகாதபடி தாங்கிக்கு மூடி அவசியம். மழைநீர் போதாதபோது கிணற்று நீரைப் பாவித்தாலும், கிழமைக்கு ஒருமுறையேனும் மழைநீரால் வேரைக் கழுவிவிடுக.

வயலுக்கு இடும் யூரியாவை இச்செடிக்கு இடவே கூடாது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் சமமாயுள்ள, நீரிற் கரையும் பசளையை ஓர் இலீற்றர் நீருக்கு ஒரு கிராமுக்கு மேற்படாது கரைத்து, வளர்ச்சிக் காலத்திற் கிழமைக்கு ஒருமுறை தெளித்தாற் போதும். வேரை முதலில் வெறும் நீரால் நனைத்த பின்னரே பசளை நீரைத் தெளிக்க வேண்டும். தெளிகருவியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை: வயலிற் களைநாசினி தெளித்த கருவியை எத்துணை கழுவினும் இதற்குப் பாவிக்கலாகாது. எஞ்சிய சிறு துளியே பல ஆண்டு வளர்ந்த செடியை முடித்துவிடும்.

ஓய்வும் பூவும்

மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசுகையில் வேரின் பச்சை நுனியை வெண்ணிற உறை மூடிவிடும். செடி ஓய்கின்றது என்பது பொருள். அப்போது பசளையை நிறுத்தி, மழை இல்லாவிடின் நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாத்திரம் நனைக்க வேண்டும். இரக்கப்பட்டு நாள்தோறும் நீர் ஊற்றுவோர் இலையையே பெறுவர். நுனிகள் மீண்டும் பச்சையாகியதும் நீரைக் கூட்டுக. இலைக் கக்கத்திற் புறப்படும் பூந்தண்டு முதலிற் புது வேர் போலவே தோன்றும். அதனை நத்தை ஒரே இரவில் தின்றுவிடும். மாலையில் விளக்குடன் தேடிப் பிடித்து அழித்தலும், கூடையின் கம்பியில் உப்பிட்ட துணியைச் செடியில் நீர் வடியாத உயரத்திற் சுற்றுதலும் உதவும். பூ இரண்டு மூன்று கிழமை நிற்கும். ஒரு நாளுக்குள் வாடிவிடும் புறா ஓர்க்கிட்டோடு ஒப்பிடின் இது பெரும்பேறே. திடீர் மழையால் வெப்பம் குறைந்து ஏறக்குறைய ஒன்பது நாளில் ஊரெங்கும் அது ஒருங்கே பூத்து மறைவதைக் கண்டோர் பலர்.

இலையின் அடியில் வெண்மூட்டுப்பூச்சியோ செதிற்பூச்சியோ காணின் சவர்க்கார நீரில் தோய்த்த துணியால் துடைத்து, பின்னர் நல்ல நீரால் கழுவுக. குருத்து அழுகினால் அழுகிய பகுதியை உயிருள்ள பாகம் தெரியும்வரை வெட்டி, வெட்டுவாயிற் கறுவாத்தூள் தடவிச் சில நாள் நீர் காட்டாது விடுக. அடியிலிருந்து பக்கக்கன்று தோன்றிச் செடி பிழைத்தலும் உண்டு.

பெருக்குதல்

விதையாற் பெருக்குதல் வீட்டில் இயலாது. ஒரு காயிலுள்ள விதைகள் எண்ணிறந்தனவாயினும் தூசி போன்றவை. முளைக்கு வேண்டிய உணவு அவற்றில் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் அவ்வுணவை அளிக்கின்றது. சீனி கலந்த ஊடகத்தில் அப்பூஞ்சணமின்றியே ஓர்க்கிட் விதையை முளைக்கச் செய்யலாம் என 1922 இல் நட்சன் என்னும் அமெரிக்கர் காட்டினார். ஆய்வுகூடங்களில் இன்று கன்றுகள் பெருக்கப்படுவது அவ்வழியிலேயே. அவையும் பூக்கச் சில ஆண்டுகள் செல்லும்.

வீட்டில் இயல்வது பக்கக்கன்றைப் பிரித்தலே. கன்றுக்குச் சொந்தமாக மூன்று வேரேனும் மூன்று அங்குல நீளத்துக்கு வளரும்வரை பொறுத்து, நெருப்பிற் காட்டி ஆறிய கத்தியால் வெட்டுக. ஒரு செடியில் வெட்டிய கத்தியை மீண்டும் சுடாது அடுத்த செடியில் வைத்தால் தேமல் வைரசு நோய் தொற்றும். அதற்கு மருந்து இல்லை. பிரித்த கன்றைத் தாய்ச்செடியின் கிளையிலேயே ஓரடி தள்ளிக் கட்டினால், பழகிய வெளிச்சமும் காற்றும் மாறாதிருத்தலின், அது விரைவில் வேரூன்றும்.