வீட்டு இணையம் ஏன் ஊர்ந்து வருகிறது?

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் மும்பை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 9.6 கிலோபிட் கிடைத்தாலே அன்று பெரிய காரியம். ஒரு புகைப்படம் திரையில் முழுதாகத் தெரிவதற்குள் ஒரு தம்ளர் காப்பியைக் குடித்து முடித்துவிடலாம்.

இன்று தாராவிச் சந்துகளுக்குள்ளும் 100 மெகாபிட் இணைப்பு வந்துவிட்டது. கணக்குப்படி இது பத்தாயிரம் மடங்கு. ஆனாலும் ஊரிலிருக்கும் அம்மாவோடு பேசும்போது முகம் உறைந்து நிற்கிறது. பிள்ளை ஆன்லைன் தேர்வு எழுதும்போது சக்கரம் சுற்றுகிறது. கேட்டால், "பெரிய பிளான் போடுங்கள்" என்கிறார்கள். மாதாமாதம் கூடுதலாகக் கட்டியும் குறை தீராத குடும்பங்கள் நம்மில் பல.

ரயில்வேயில் ஒரு சிக்னல் பழுதானால் பாதை முழுவதையும் மாற்றிவிட மாட்டோம். எது வரை சரி, எங்கிருந்து கோளாறு என்று பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதிப்போம். அதே முறை இங்கும் பலிக்கும்.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். நிறுவனம் வேகத்தைச் சொல்வது பிட் கணக்கில்; கணினி கோப்பை இறக்கும்போது காட்டுவது பெரும்பாலும் பைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் 12 மெகாபைட் என்று காட்டினால் யாரும் நம்மை ஏமாற்றவில்லை.

அடுத்தது கம்பிச் சோதனை. வீட்டிலுள்ள மற்றக் கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, ஒரு மடிக்கணினியை கேபிள் மூலம் ரவுட்டரில் நேரே இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை அளந்து இரண்டையும் குறித்து வையுங்கள். கம்பியில் வேகம் சரியாக வந்தால் கோளாறு வைஃபையில். கம்பியிலேயே குறைந்தால், கேபிளிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ கோளாறு. காலையில் சரியாக இருந்து இரவில் மட்டும் குறைந்தால், வட்டாரத்தில் நெரிசல் என்று கொள்ளலாம்.

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டி வந்தது. எத்தனை முறை அளந்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. இணைப்பு இடையிடையே அறுந்தும் போனது. மகளின் வேலைக்கான நேர்முகத் தேர்வு இருமுறை பாதியில் நின்றது. 94 என்ற எண்ணைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. நான்கும் சரியாக இருந்தால்தான் 1000 மெகாபிட் ஓடும். ஒரு ஜோடி கெட்டாலும் இரு முனைக் கருவிகளும் பல நேரங்களில் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும். அதில் கைக்குக் கிடைப்பது சுமார் 94. பார்த்தால், ஜன்னலோரக் கனெக்டரில் மழைச்சாரல் பட்டு முள் பச்சை பிடித்திருந்தது. புதிய கனெக்டர் மாட்டியதும் வேகம் வந்தது. மகள் மூன்றாம் முறை நேர்முகத் தேர்வை முழுமையாக முடித்தாள். மும்பை மழைக்குப் பிறகு கனெக்டர்களை ஒருமுறை பார்ப்பது நல்லது.

கண்ணாடி இழை இணைப்பு உள்ளவர்கள் அந்த மெல்லிய கம்பியை மடக்கி ஆணியில் மாட்டாதீர்கள். கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அதை நாம் சரிசெய்ய முடியாது, ஆளை அழைக்க வேண்டியதுதான்.

இனி வைஃபை. இதில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகள் இருக்கும். முன்னது சுவரை ஓரளவு ஊடுருவும், ஆனால் நெரிசல் மிகுந்தது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. பின்னது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். தாராவியில் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில் பத்துப் பதினைந்து ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. அங்கே 5-க்கு மாறுவதே நல்லது. 2.4-தான் வேண்டுமென்றால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் சுவர்கள் தடிமனானவை. உள்ளறைக்கு ஒரு கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைப்பதே நிரந்தரத் தீர்வு. எந்த வீடானாலும் ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீர்கள். நடுவீட்டில், உயரத்தில் வையுங்கள்.

வேகம் நன்றாக இருந்தும் பேச்சு விட்டுவிட்டு வருகிறதா? யாருடைய கைப்பேசியாவது நூற்றுக்கணக்கான படங்களைப் பின்னணியில் மேலே ஏற்றிக்கொண்டிருக்கலாம். ஒற்றைத் தண்டவாளத்தில் சரக்கு ரயிலை அனுப்பிவிட்டு எக்ஸ்பிரஸைக் காக்கவைப்பது போன்றது இது. படங்கள் இரவில் ஏறும்படி மாற்றி வையுங்கள்.

சில நாள் கோளாறு நம் வீட்டிலும் இராது, நகரத்திலும் இராது. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் செங்கடலில் அறுந்தபோதும் இந்தியாவில் இணையம் மந்தமானது. உள்நாட்டுத் தளங்கள் சரியாக ஓடி வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் இழுத்தால், இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் கம்பிச் சோதனையில் வேகம் குறைந்தால், தேதி, நேரம், அளவு மூன்றையும் எழுதி நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். டிராய் விதிகள் அதற்கு இடம் தருகின்றன. "ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்" என்ற புகாரைத் தட்டிக்கழிப்பது எளிது. ஒரு வாரத்து அளவுகளைத் தாளில் எழுதி நீட்டினால் அது அவ்வளவு எளிதல்ல. பெரிய பிளானுக்குப் பணம் கட்டுமுன் இந்த ஒரு வார வேலையைச் செய்து பாருங்கள்.