இரண்டாம் எழுத்தில் பிறக்கும் இசை

தணி, பணி, மணி, பிணி, துணி. திருத்தணி முருகனைப் பாட உட்கார்ந்த புலவர்களுக்கு இந்தச் சொற்கள் கேட்காமலே வந்து நின்றிருக்கும். எல்லாவற்றிலும் இரண்டாம் எழுத்து 'ணி'. இதுதான் எதுகை. ஆணியும் தோணியும் இந்தக் கூட்டத்தில் சேரா. அவற்றின் முதலெழுத்து நெடில். முதலெழுத்து எதுவாகவும் இருக்கலாம், ஆனால் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவு ஒத்திருக்க வேண்டும்.

முதலெழுத்து ஒன்றினால் மோனை, அடியின் ஈறு ஒன்றினால் இயைபு. ஆங்கிலக் கவிதை பெரிதும் நம்பியது இந்த ஈற்றொலியை. பழந்தமிழ் யாப்பில் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை. காரணம் நம் சொல்லமைப்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். வந்தான், நின்றான், பாடினான். மலைகள், படிகள், பூக்கள். விகுதி கடைசியில் ஒட்டுவதால் ஈறு தானாகவே ஒத்துவிடுகிறது. தானாகக் கிடைப்பதில் புலவனுக்கு என்ன பெருமை? சொல்லின் வேர் முன்னால் இருக்கிறது. தமிழ்க் காதும் அங்கேதான் காத்திருக்கிறது.

திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த எல்லை ஊர். எல்லையைத் தாண்டினாலும் இந்தக் காது மாறுவதில்லை. தெலுங்குச் செய்யுளின் 'பிராச'மும் அடிதோறும் இரண்டாம் எழுத்தையே ஒன்றச் செய்கிறது. திருத்தணி மலையில் தம் முதல் கீர்த்தனையைப் பாடியதாகச் சொல்லப்படும் முத்துசுவாமி தீட்சிதரின் வடமொழிப் பாடல்களிலும் அதே ஒழுங்குதான்.

முருகனைத் திருப்புகழில் பாடிய 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் எதுகையோடு நிற்கவில்லை; சந்தத்துக்கும் போனார். சந்தம் என்ற ஒலி வாய்பாட்டில் எழுத்து ஒன்ற வேண்டியதில்லை. அதன் இனமும் அளவும் ஒன்ற வேண்டும். 'பச்சை' என்றால் தத்த. 'கந்த' என்றால் தந்த. 'வள்ளி' என்றால் தய்ய. வல்லின ஒற்று வர வேண்டிய இடத்தில் மெல்லினம் வந்தால் பாட்டு தட்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் அவர் பாடியவற்றில் நமக்குக் கிடைத்தவை மட்டும் 1,300க்கு மேல்! எத்தனை சந்தங்கள், எத்தனை நடைகள்! ஏடுகளில் சிதறிக் கிடந்த திருப்புகழைத் தேடித் தொகுத்து, வ.த. சுப்பிரமணிய பிள்ளை 1894இல் முதல் தொகுதியை அச்சிட்டார். ஏடு எழுதியவர் ஓர் ஒற்றை விட்டிருந்தாலும் சந்தமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

டிசம்பர் 31 அன்று திருத்தணியில் நடக்கும் திருப்படித் திருவிழாவில், 365 படிகளிலும் திருப்புகழ் பாடியபடி ஏறுவார்கள். அங்கே போக வாய்த்தால், பொருள் முழுதும் விளங்கவில்லையே என்று தயங்காதீர்கள். கையால் தாளம் போட்டுக்கொண்டு, வல்லொற்றும் மெல்லொற்றும் எங்கே விழுகின்றன என்று மட்டும் கேளுங்கள்.