வாசல் தேடி வரும் விருந்தாளிகள்

காக்கைக்கு ஒரு கவளம் வைத்த பிறகுதான் வீட்டாருக்கு இலை போடுவது என்ற வழக்கம் இன்னும் எத்தனையோ கொங்கு வீடுகளில் உண்டு. ஆடி அமாவாசை, புரட்டாசி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். காக்கை வந்து தொட்டால்தான் நமக்குச் சாப்பாடு! ஆனால் இப்போது இளம் தாய்மார்கள் மனத்தில் ஒரு பயமும் புகுந்திருக்கிறது. எங்கள் வீதிப் பெண் ஒருத்தியின் மூன்று வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு வரும். அவள் என்னிடம் கேட்டாள்:

"ஏனுங்க்கா, புறாவுக்குத் தீனி போடாதீங்கன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. அப்ப பொடக்காலியில குருவிக்கு வெக்கற கம்பையும் நிறுத்தீரணுங்களா?"

நியாயமான கேள்வி. பதிலைச் சற்று விவரமாகவே சொல்கிறேன்.

புறா வேறு, குருவி வேறு

புறாக்கள் கூட்டம் கூட்டமாக ஜன்னல் மேலும் பால்கனியிலும் அடைகின்றன. அவற்றின் எச்சம் காய்ந்து தூளாகி, இறகுத் தூசியோடு கலந்து மூச்சில் போகிறது. நாள்பட நாள்பட சிலருக்கு அது நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். 2025-ஆம் ஆண்டு மும்பையில் பொது இடங்களில் புறாக்களுக்குத் தானியம் போடும் இடங்களை மூடச் சொன்னதும் இந்தக் காரணத்தால்தான்.

ஒரு பிடி கம்பைக் கொத்திவிட்டுப் பறந்துபோகும் நாலு சிட்டுக்குருவிகளால் அந்த அளவு தூசி சேராது. ஆகவே, "நிறுத்த வேண்டாம் அம்மிணி, முறையை மாத்திக்க" என்றேன். தீனியும் தண்ணீரும் படுக்கையறை ஜன்னலை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில் இருக்கட்டும். எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கை மூடிக்கொண்டு கழுவுங்கள். இளைப்பு உள்ள குழந்தை கதவுக்கு உள்ளேயிருந்து பார்த்தாலே போதும். டாக்டரின் யோசனை எப்போதும் முதலில்.

சித்திரை, வைகாசி: தண்ணீர்தான் தர்மம்

வெயில் காலத்தில் தானியத்தைவிடத் தண்ணீருக்கே வரவேற்பு அதிகம். வாய் அகன்ற மண் சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு கல்லைப் போட்டால் சின்னக் குருவிகள் அதில் நின்று குடிக்கும், குளிக்கும். சட்டியை நிழலில், பூனை பதுங்கும் செடிக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

முக்கியமான விஷயம்: தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். டெங்குக் கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் சாகாது. எனவே கொட்டி நிரப்பினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

குயிலின் சத்தம் ஓயாமல் கேட்பதும் இந்த மாதங்களில்தான். தான் கூடு கட்டாமல் காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகிறதே, அந்தச் சாமர்த்தியத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

ஆனி முதல் ஆவணி வரை: காற்றும் கூடும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும்போது தொங்கவிட்ட தீனித் தட்டு நிற்காது. தரையோரம் சுவர் மறைவில் வையுங்கள். வயல் பக்கம், கிணற்றோரத் தென்னையில் தூக்கணாங்குருவி கூடு பின்னும் காலம் இது.

வீட்டோரம் கூடு கட்டும் சிட்டுக்குருவி நம்மிடம் கம்பு தின்றாலும் குஞ்சுக்கு ஊட்டுவது புழு பூச்சிகளைத்தான். கறிவேப்பிலைச் செடிக்குப் பூச்சி மருந்து அடித்துவிட்டு, குருவியைக் காணோமே என்றால் எப்படி? 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. ஓட்டு வீட்டுச் சந்துகள் போய் வழுவழு கான்கிரீட் வந்த பிறகு கூடு கட்ட இடம் ஏது? சுவரில் ஒரு சின்ன மரப்பெட்டி மாட்டினால் பலன் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை: புது விருந்தாளிகள்

கோவைக்கு வருடத்தில் அதிக மழை இந்த மாதங்களில்தான். நனைந்த தானியம் பூஞ்சை பிடித்தால் பறவைக்கு விஷம். சாயங்காலத்துக்குள் தீரும் அளவு மட்டும் போடுங்கள். மிச்சத்துக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும்!

இதே சமயம் வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வந்திறங்கும். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று அத்தனை நிறமும் அதன் மேல் உண்டு. காலை ஆறு, மாலை ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். உதிர்ந்த இலைக் குப்பையைக் கிளறித்தான் பூச்சி தேடும். மரத்தடி இலைகளை ஒரு மூலையிலாவது கூட்டாமல் விட்டுவையுங்கள்.

ஈரோடு அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பறவைகள் மிரளக் கூடாதென்று பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு!

மார்கழி முதல் பங்குனி வரை: எண்ணிப் பார்க்கும் காலம்

சோளப்பட்சிகள் கூட்டமாகக் காட்டுப் பக்கம் வருவதும், மாங்குயில் தோட்டத்தில் மஞ்சளாய் மின்னுவதும் இப்போதுதான். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டை மாடியில் 15 நிமிடம் உட்கார்ந்து எண்ணினாலும் அது கணக்கில் சேரும். 1990-இல் தொடங்கிய பறவை ஆராய்ச்சி மையம் நம் ஆனைகட்டியில் இருக்கிறது. அதற்குப் பெயர் தந்த சலீம் அலி, சிறுவயதில் தான் சுட்ட ஒரு குருவியின் கழுத்து ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டுத்தான் பறவை ஆராய்ச்சிக்குள் நுழைந்தார். உங்கள் பிள்ளை கேட்கும் "அது என்ன குருவிம்மா?" என்ற கேள்வியை இலேசாகத் தள்ளிவிடாதீர்கள்.

எதை வைக்கலாம்?

கம்பு, தினை, உடைத்த சோளம் – சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும். கனிந்த வாழைப்பழம், பப்பாளித் துண்டு – கொண்டைக்குருவிக்கும் குக்குறுவானுக்கும். உப்புப் போட்ட சோறு, முறுக்கு, மிக்சர், பிரெட், பால் – எதற்கும் வேண்டாம்.

முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டும், கறிவேப்பிலைப் பழத்துக்குக் கொண்டைக்குருவியும், வேப்பம்பழத்துக்கு மைனாவும் தானாக வரும். இந்த மூன்று மரங்களும் இருந்தால் பாதித் தீனிச் செலவு மிச்சம்.

குஞ்சு கீழே விழுந்துவிட்டால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துப்போகும். மெதுவாக எடுத்துக் கூட்டிலோ கிளையிலோ வைத்துவிட்டு விலகுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. கிளிக் குஞ்சு ஆசையாய் இருக்கிறதென்று கூண்டில் வளர்ப்பதும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

செலவென்று பார்த்தால் தினம் ஒரு பிடி கம்பு, ஒரு சொம்புத் தண்ணீர். அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிப் பிள்ளை கையில் கொடுங்கள். இந்த ஐப்பசியில் ஆறுமணிக் குருவியின் சத்தம் முதலில் கேட்ட தேதியை அவனே எழுதட்டும். அடுத்த வருடம் அது முந்தி வருகிறதா, பிந்தி வருகிறதா என்று அவனே உங்களுக்குச் சொல்வான்.