சத்தம் தலைக்கு மேலே சுற்றுமா? டி.வி. ஸ்டிக் வாங்கும் முன் தெரிந்து கொள்ள வேண்டிய ஒலி, ரிமோட் ரகசியங்கள்

சென்னை,

"அண்ணே, இதுல அட்மாஸ் இருக்கு. தியேட்டர் மாதிரியே சத்தம் சுத்தி சுத்தி வரும்."

டி.வி. ஸ்டிக் வாங்க ரிச்சி தெருவுக்கு போனாலும் சரி, தெருமுனை செல்போன் கடைக்கு போனாலும் சரி, முதலில் காதில் விழும் வசனம் இதுதான்.

விரல் நீளம்தான் இருக்கும் அந்த குச்சி. அதை டி.வி.யின் பின்னால் எச்.டி.எம்.ஐ. ஓட்டையில் சொருகி வைபை கொடுத்தால், சாதா டி.வி.யும் ஸ்மார்ட் டி.வி. ஆகி விடுகிறது. அதுவரைக்கும் உண்மை. ஆனால் சத்தம்? ஆசையாக வாங்கி வந்து படம் போட்டு பார்த்தால் பல வீடுகளில், "நேத்து கேட்ட அதே சத்தம்தானே வருது" என்ற முணுமுணுப்புதான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாதி மட்டும் சொல்லி இருக்கிறார். மீதி பாதி வருமாறு:-

காது போடும் கணக்கு

சமையல் கட்டில் குக்கர் விசில் அடித்தால் கண்ணை மூடிக்கொண்டே திசையை காட்டி விடலாம். இது எப்படி?

வலது பக்கம் இருந்து வரும் சத்தம் வலது காதை முதலில் தொடுகிறது. இடது காதுக்கு கொஞ்சம் லேட். எவ்வளவு லேட் தெரியுமா? ஒரு வினாடியை ஆயிரம் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டுகூட முழுசாக வராது. நடுவில் தலை மறைப்பதால் அந்த காதில் சத்தமும் சற்று குறைவு. இந்த இரண்டு வித்தியாசத்தையும் வைத்து மூளை திசையை பிடித்து விடுகிறது.

மேலே இருந்து வருகிறதா, பின்னால் இருந்து வருகிறதா என்பதை காது மடலில் இருக்கும் மடிப்புகள் காட்டிக்கொடுக்கின்றன. ஒவ்வொரு திசையில் இருந்து வரும் சத்தத்தையும் அந்த மடிப்புகள் ஒவ்வொரு விதமாக மாற்றி உள்ளே அனுப்புகின்றன.

இதே கணக்கை கருவியே போட்டு, அதற்கேற்ப சத்தத்தை மாற்றி இரண்டு காதுக்கும் அனுப்பினால் என்ன ஆகும்? ஹெலிகாப்டர் தலைக்கு மேலே பறப்பது போல மூளை நம்பி விடும். இதைத்தான் 'ஸ்பேஷியல் ஆடியோ' என்கிறார்கள்.

தியேட்டரில் இருந்து வீட்டுக்கு

பழைய 5.1 முறையில் எந்த சத்தம் எந்த ஸ்பீக்கரில் வர வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்து விடுவார்கள். 2012-ல் வந்த டால்பி அட்மாஸ் இதை மாற்றியது. ஒரு சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது, எங்கே நகர்கிறது என்ற தகவலும் அந்த சத்தத்துடனே சேர்ந்து வரும். அங்கே இருக்கும் ஸ்பீக்கர்களை பார்த்து கருவி பிரித்துக்கொள்ளும்.

அந்த ஆண்டு டிசம்பரில் ரஜினி பிறந்தநாள் அன்று வெளியான 'சிவாஜி 3டி' இந்த ஒலியுடன்தான் தியேட்டருக்கு வந்தது. கூரையில் ஸ்பீக்கர் தொங்குவதை நம்ம ஊர் ரசிகர்கள் அண்ணாந்து பார்த்தது அப்போதுதான்.

இப்போது அதே பெயர் ஸ்டிக் அட்டைப்பெட்டியிலும் இருக்கிறது. இங்கேதான் காசு கரையும் இடம்.

ஒரு கண்ணி அறுந்தாலும் அவ்வளவுதான்

ஸ்டிக்கில் அட்மாஸ் இருக்கிறது என்றால், அந்த ஒலியை வாங்கி அடுத்த ஆளுக்கு கைமாற்றி விடும் என்றுதான் அர்த்தம். சத்தம் போடுவது அதன் வேலை இல்லை. படம், சந்தா திட்டம், ஸ்டிக், டி.வி., கேபிள், ஸ்பீக்கர் என்று வரிசையாக எல்லாம் ஒத்து வர வேண்டும்.

முதலில் சந்தா. நெட்பிளிக்சில் அட்மாஸ் கேட்க வேண்டும் என்றால் விலை கூடிய பிரீமியம் திட்டம் போட்டிருக்க வேண்டும். குறைந்த திட்டம் போட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் ஸ்பீக்கர் வாங்கினாலும் அங்கே அட்மாஸ் வராது. போதாக்குறைக்கு, எல்லா படமும் அட்மாசில் இருப்பதில்லை.

அடுத்தது கேபிள். நிறைய பேர் ஏமாறுவது இதில்தான். சிவப்பு-வெள்ளை பின் வைத்த பழைய ஹோம் தியேட்டரை டி.வி.யில் சொருகினால் வருவது இரண்டே பாதை, அதாவது சாதா ஸ்டீரியோ. பெட்டியை சுற்றி 4 ஸ்பீக்கர் இருந்தாலும் அந்த இரண்டு பாதை சத்தத்தையே பங்கு போட்டு பாடும். புளூடூத்தில் ஸ்பீக்கரை இணைத்தாலும் இதே கதைதான். மெல்லிசாக சிவப்பு வெளிச்சம் வரும் ஆப்டிகல் கேபிள் 5.1 வரை தாங்கும். ஸ்டிக்கில் இருந்து வரும் அட்மாசை அது சுமக்காது.

அட்மாஸ் வேண்டும் என்றால் டி.வி.யில் 'ஏ.ஆர்.சி.' அல்லது 'இ.ஏ.ஆர்.சி.' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்க வேண்டும். சவுண்ட்பாரை அதில்தான் சொருக வேண்டும். பக்கத்து ஓட்டையில் சொருகி விட்டு சவுண்ட்பாரை திட்டி பிரயோஜனம் இல்லை.

கடைசியாக கூரை. விலை அதிகமான சவுண்ட்பார்களில் மேல் பார்த்த ஸ்பீக்கர் இருக்கும். அது சத்தத்தை கூரையில் அடித்து கீழே திருப்பும். அதற்கு 8 முதல் 12 அடி உயரத்தில் சமமான தளம் வேண்டும். சரிவான ஓட்டு வீட்டிலும், சீட் கூரையிலும் அந்த சத்தம் சரியாக திரும்பி வராது. சீட் போட்ட வீட்டுக்கு இந்த சவுண்ட்பாரை தலையில் கட்டுவது பச்சை அநியாயம்.

"டயலாக் கேக்கல, சண்டை மட்டும் கேக்குது"

ஒண்டிக்குடித்தன வீடுகளில் வரும் முக்கியமான புகார் இது. பேச்சு காதில் விழவில்லை என்று சத்தத்தை கூட்டினால், அடுத்த நிமிஷம் சண்டை காட்சி வந்து பக்கத்து வீட்டுக்காரர் கதவை தட்டுவார்.

5.1 ஒலியில் பேச்சுக்கு என்றே நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. டி.வி.யில் அது கிடையாது. எல்லாவற்றையும் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் அமுக்கும்போது பேச்சு மற்ற சத்தத்தில் மாட்டிக்கொள்கிறது.

இதற்கு செலவு இல்லாத வைத்தியம் உண்டு. பயர் டி.வி. ஸ்டிக்கில் செட்டிங்ஸ் போய் 'டிஸ்பிளே அண்ட் சவுண்ட்ஸ்', 'ஆடியோ', 'சரவுண்ட் சவுண்ட்' என்று வரிசையாக திறந்து 'பி.சி.எம்.' என்று மாற்றி பாருங்கள். டி.வி.யில் 'நைட் மோட்' இருந்தால் அதையும் போடலாம். பல வீடுகளில் இதிலேயே பாதி பிரச்சினை தீர்ந்து விடும்.

ஒரே ரூம், ஒரு பக்கம் பிள்ளை பரீட்சைக்கு படிக்கிறது, நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்கு படம் பார்க்க ஆசை. இப்படிப்பட்ட வீட்டுக்கு சவுண்ட்பாரை விட புளூடூத் ஹெட்போன்தான் சரி. அதை நேராக ஸ்டிக்குடனே இணைக்கலாம்.

ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தலையை திருப்பினாலும் சத்தம் டி.வி. பக்கமே நிற்கும் வித்தையை ஆப்பிள் டி.வி. 4கே பெட்டி 2021 முதல் செய்கிறது. அதற்கு ஆப்பிள் கம்பெனியின் ஏர்பாட்ஸ் வேண்டும், அதிலும் குறிப்பிட்ட மாடல்தான். 2024-ல் வந்த கூகுள் டி.வி. ஸ்ட்ரீமரிலும் ஸ்பேஷியல் ஆடியோ உண்டு. அதற்கு கூகுளின் பிக்சல் பட்ஸ். பிளாட்பாரத்தில் வாங்கிய ஹெட்போனில் படம் நன்றாகவே கேட்கும், ஆனால் சத்தம் சுற்றாது.

ரிமோட்டில் இரண்டு ரிமோட்

சத்தம் இப்படி என்றால், அதை கூட்டி குறைக்கும் ரிமோட் தனி தலைவலி. "மெனு எல்லாம் ஓடுது, சத்தம் மட்டும் கூட மாட்டேங்குது" என்று ரிமோட்டை தரையில் தட்டுகிறவர்கள் உண்டு.

அந்த ஒரு ரிமோட்டுக்குள் இரண்டு ரிமோட் இருக்கிறது. ஸ்டிக்குடன் பேசுவது புளூடூத். இதற்கு நேராக நீட்ட வேண்டியதில்லை, போர்வைக்குள் இருந்தும் அழுத்தலாம். டி.வி.யை ஆன்-ஆப் செய்வதும் சத்தத்தை கூட்டுவதும் பெரும்பாலும் கண்ணுக்கு தெரியாத இன்பிராரெட் ஒளி. டி.வி. முன்னால் ஷோகேஸ் பொம்மையோ சவுண்ட்பாரோ மறைத்தால் அந்த ஒளி போய் சேராது.

ஒளி வருகிறதா என்று பார்க்க செல்போன் செல்பி கேமராவை திறந்து, ரிமோட்டின் முனையை காட்டி வால்யூம் பட்டனை அழுத்துங்கள். வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னினால் ரிமோட் நல்லாத்தான் இருக்கிறது. மின்னவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றி பாருங்கள்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. 2020-ல் வந்த பயர் டி.வி. ஸ்டிக் லைட் மாடலின் ரிமோட்டில் டி.வி.யை ஆன் செய்யவும், சத்தம் கூட்டவும் பட்டனே கிடையாது. விலை குறைவு என்று செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கையில் இரண்டு ரிமோட்டுடன்தான் உட்கார வேண்டும்.

ஸ்டிக் ரிமோட் சுத்தமாக வேலை செய்யவில்லையா? பயர் டி.வி. என்றால் ஸ்டிக்கின் கரண்டை பிடுங்கி மறுபடி கொடுத்து விட்டு, ரிமோட்டின் 'ஹோம்' பட்டனை 10 வினாடி விடாமல் அழுத்துங்கள். பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, ஸ்டிக்குக்கு கரண்டை டி.வி.யின் யு.எஸ்.பி. ஓட்டையில் இருந்து எடுக்காமல் கூட வந்த அடாப்டரில் இருந்தே எடுங்கள். பல டி.வி.களில் அந்த ஓட்டை தரும் கரண்ட் போதாமல் ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து எரியும்.

ரிமோட் தொலைந்தே போனாலும் உடனே காசு செலவழிக்க வேண்டாம். டி.வி. செட்டிங்சில் எச்.டி.எம்.ஐ. சி.இ.சி. என்று ஒரு வசதி இருக்கும். சாம்சங் இதற்கு 'எனிநெட் பிளஸ்' என்றும், எல்.ஜி. 'சிம்ப்லிங்க்' என்றும், சோனி 'பிராவியா சிங்க்' என்றும் பெயர் வைத்திருக்கின்றன. அதை ஆன் செய்தால் டி.வி.யின் சொந்த ரிமோட்டே ஸ்டிக்கையும் ஓட்டும். செல்போனில் அந்தந்த கம்பெனியின் இலவச ஆப்பை போட்டாலும் போன் ரிமோட் ஆகி விடும். இதற்கு போனும் ஸ்டிக்கும் ஒரே வைபையில் இருக்க வேண்டும். வைபை பெட்டியை மாற்றியதால் இணைப்பு போய் விட்டதா? புது வைபைக்கு பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தால் ஸ்டிக் தானாக வந்து சேரும்.

ஒரு சுவாரசியமும் உண்டு. 1956-ல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி கொண்டு வந்த 'ஸ்பேஸ் கமாண்ட்' ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. பட்டனை அழுத்தினால் உள்ளே சின்ன சுத்தியல் அலுமினிய கம்பியை தட்டும். மனித காதுக்கு கேட்காத அந்த சத்தத்தை கேட்டு டி.வி. சேனலை மாற்றும். சாவிக்கொத்து குலுங்கினாலும் சில நேரம் சேனல் மாறி விடுமாம்!

ரிமோட் போய் பணம் போகும்

ரிமோட் வேலை செய்யவில்லை என்றதும் இன்டர்நெட்டில் 'கஸ்டமர் கேர்' நம்பர் தேடுவதுதான் பெரிய ஆபத்து. தேடலில் முதலில் வந்து நிற்பது மோசடி கும்பலின் நம்பராக இருக்கலாம்.

"உங்க டி.வி.யை ஆக்டிவேஷன் பண்ணணும், ஒரு ஆப் போடுங்க சார்" என்று தேன் ஒழுக பேசுவார்கள். அவர்கள் சொல்லும் ஆப்பை போட்டால் உங்கள் செல்போன் திரை முழுக்க அவர்கள் கண்ணுக்கு தெரியும். வங்கி பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எல்லாம் அதில் அடக்கம். டி.வி. ரிமோட்டை சரி செய்ய போய், போனின் ரிமோட்டை திருடன் கையில் கொடுத்த கதை ஆகி விடும்.

ஸ்டிக்கை ஆக்டிவேட் செய்ய தனியாக கட்டணம் எதுவும் கிடையாது. பிடித்த சேனலுக்கு, ஆப்புக்கு சந்தா கட்டுவது வேறு விஷயம். உதவி வேண்டும் என்றால் கம்பெனியின் சொந்த ஆப்பிலோ, அட்டைப்பெட்டியில் அச்சடித்த முகவரியிலோ போய் கேட்க வேண்டும்.

அப்படியும் பணம் போய் விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு பணம் கைமாறுவதை வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. அதற்கு முன் செல்போனின் வைபையையும் டேட்டாவையும் அணைத்து விட்டு, அந்த ஆப்பை நீக்கி விட வேண்டும். போன் செய்யும்போது பணம் போன நேரம், தொகை, வங்கியில் இருந்து வந்த எஸ்.எம்.எஸ்.சில் உள்ள பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.