ஒரே பெயர், இரண்டு ராஜாக்கள்! கதைக்குள் ஒளிந்திருக்கும் உத்தியைப் பிடிப்பது எப்படி?

"சித்தி, இந்தக் கதையில உவமையே இல்ல. உத்தின்னு எதை எழுதுறது?"

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் கையில், கு.அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' சிறுகதை. 'போல', 'போன்ற' என்று எங்காவது வருகிறதா எனப் பென்சிலோடு தேடிக்கொண்டிருந்தாள்.

"பென்சிலை வெச்சுட்டு, முதல்ல கதையைச் சொல்லு" என்றேன்.

தீபாவளி நேரம். பணக்கார வீட்டுப் பையன் ராமசாமியின் அக்கா கணவர், ஊரார் 'ராஜா' என்று சொல்லும் பெரிய மனிதர், மாமனார் வீட்டுக்கு வருகிறார். பக்கத்தில் ஏழைத் தாய் தாயம்மாள். பிள்ளைகள் மங்கம்மாள், செல்லையா, தம்பையா. அவர்கள் வீட்டுக்கு வருவதோ, உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைச் சிறுவன். தாயம்மாள் அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கணவனுக்கு என வைத்திருந்த துண்டைக் கட்டிவிடுகிறாள். அந்தச் சிறுவனின் பெயரும் ராஜா!

எடுத்துப் பாருங்கள்

உத்தியைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு விஷயத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். கதை தள்ளாடினால், உத்தி அங்கேதான் இருக்கிறது.

"அந்தப் பையனுக்கு முருகன்னு பேர் வெச்சா?"

"தலைப்பே போச்சே!"

அதுதான் சிலேடை. ஒரு சொல், இரண்டு பொருள்.

"ராமசாமி வீட்டை எடுத்துட்டா?"

"பாவப்பட்ட பையனுக்கு உதவின கதை மட்டும்தான் மிஞ்சும்."

அதுதான் முரண். இரண்டு வீடுகளை அருகருகே வைத்ததால்தான், எது பெரிய வீடு என்ற கேள்வி நமக்குள் எழுகிறது.

"துண்டு?"

கொஞ்சம் யோசித்தாள். "நிறைய துணி இருக்கிற வீட்டுல ஒண்ணைக் கொடுத்தா அது பெருசில்ல. இங்க அப்பாவுக்குன்னு இருந்ததே அதுதான்." குறியீட்டை அவளே பிடித்துவிட்டாள்.

தொடக்கமும் முடிவும்

இன்னொரு இடத்தையும் காட்டினேன். கதை, பாடப் புத்தகத்தில் யாருக்கு அதிகப் படங்கள் என்று சிறுவர்கள் போடும் போட்டியில் தொடங்குகிறது. முடிவில், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று ராமசாமியிடம் மங்கம்மாள் பெருமையாகச் சொல்கிறாள். அதே 'என்கிட்டயும் இருக்கு' போட்டிதான். ஆனால், இப்போது பெருமை பொருளில் இல்லை. தாயம்மாள் நல்லவள் என்று ஆசிரியர் விளக்கிச் சொல்லவில்லை. அதை நம்மிடம் விட்டுவிடுகிறார். சொல்லாமல் விடுவதும் ஓர் உத்திதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை உத்திகளைப் பட்டியல் போடத் திணறினால், பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 'இதை எடுத்துட்டா கதை என்னாகும்?' என்று கேளுங்கள். பெயர் தானாக வரும்.

நோட்டை மூடும்போது அவள் சொன்னாள்: "மங்கம்மா சும்மா போட்டிக்குச் சொல்லல சித்தி. அவளுக்கு அவன் நிஜமாவே ராஜாதான்."