நாற்பது நிமிடச் சுருதி

இலங்கையின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம், கால அட்டவணையில் தனக்கென இடம்பெற்று, பொதுப் பரீட்சைக்கும் உரியதாக விளங்கும் ஒரு பாடமாகும். தரம் 6 முதல் 9 வரை பயிலும் ஒவ்வொரு மாணவரும் சித்திரம், நடனம், சங்கீதம், நாடகமும் அரங்கியலும் முதலான அழகியற் பாடங்களுள் ஒன்றைக் கற்றாக வேண்டும். அதன்பின் தரம் 10இலும் 11இலும், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குரிய ஒன்பது பாடங்களுள் ஒன்றாக அதனை விரும்பித் தெரிவு செய்யலாம். இந்த ஏற்பாட்டினால், சங்கீத ஆசிரியரின் நிலை வீட்டில் சீடர்களை இருத்திப் பாடம் சொல்லும் குருவின் நிலையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டுவிடுகிறது. குரு தம்மை நாடி வந்தவருக்கு, அவருடைய குரலுக்கு இசைந்த சுருதியில், அவர் பற்றிக்கொள்ளும் வேகத்தில் கற்பிக்கிறார். பாடசாலை ஆசிரியரோ, இசையில் நாட்டமுள்ளவர், இல்லாதவர், வீட்டில் ஏற்கெனவே பயின்றவர், சுருதியென்றால் என்னவென்றே அறியாதவர் என எல்லாரையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒரே சுருதியில், நாற்பது நிமிடங்களுக்குள் பாடவைக்க வேண்டியவராக இருக்கிறார்.

காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை நடக்கும் பாடசாலை நாளில் 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு அமைகின்றன. சங்கீத ஆசிரியரின் வேலை முதற் பாடவேளைக்கு முன்னரே, காலைப் பிரார்த்தனையிலேயே தொடங்கிவிடுகிறது. தேவாரமாயினும், பாடசாலைக் கீதமாயினும், ஆனந்த சமரக்கோனின் மெட்டில் பண்டிதர் மு. நல்லதம்பியின் தமிழ் வடிவமாக ஒலிக்கும் தேசிய கீதமாயினும், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்து பாடுவதற்குரிய தொடக்கச் சுரத்தை எடுத்துக்கொடுப்பவர் அவரே. அந்தச் சுரம் சற்று உயர்ந்துவிட்டால், பாட்டின் உச்சப் பகுதியில் பாதிப்பேர் வாய்மூடி நின்றுவிடுவர். தாழ்ந்துவிட்டால், சிறு பிள்ளைகளின் குரல் அடியில் அமுங்கிவிடும். பாடலுக்கு ஆதாரமாக நிலைத்து ஒலிக்கும் சுரமே சுருதி எனப்படுகிறது. அதன் உயரத்தை ஆர்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு எண்ணிக் குறிப்பது வழக்கம். பெண்குரல்கள் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டியும், முதிர்ந்த ஆண்குரல்கள் 1 கட்டையை ஒட்டியும் அமைவதனால், இருபாலாரும் கலந்து பாடும் கூட்டத்துக்கு எந்தக் கட்டை பொருந்தும் என்பது நாள்தோறும் தீர்க்கவேண்டிய கேள்வியாகவே இருந்துவருகிறது.

தரம் 6 வகுப்பில் கேள்வி இன்னும் அடிப்படையானது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு முதலில் பழக்கவேண்டியது காது. குரல் அதற்கு அடுத்ததே. சரளிவரிசை என்னும் தொடக்கப் பயிற்சிகளை மாயாமாளவகௌளை இராகத்தில் அமைக்கும் மரபு புரந்தரதாசரிடமிருந்து வருவதாகக் கொள்ளப்படுகிறது. அத்தெரிவிலுள்ள கற்பித்தல் நுட்பம் வகுப்பறையில் தெளிவாகப் புலப்படும். இந்த இராகத்தில் ஸ முதல் ம வரையுள்ள நான்கு சுரங்களுக்கிடையே எத்தகைய இடைவெளிகள் அமைந்துள்ளனவோ, அதே இடைவெளிகள் ப முதல் மேல் ஸ வரையிலும் அமைந்துள்ளன. ஸவுக்கும் ரிக்கும் இடையே மிகச் சிறிய தூரம், ரிக்கும் கவுக்கும் இடையே பெரிய தூரம், கவுக்கும் மவுக்கும் இடையே மீண்டும் சிறிய தூரம் என்றிருக்கும் வேறுபாடு கூர்மையானதாகையால், பிசகு நேரும்போது ஆசிரியர் சொல்லாமலே பிள்ளையின் காது அதைப் பிடித்துவிடுகிறது. கீழ்ப்பாதியைச் சரியாகப் பற்றியவருக்கு மேற்பாதி பாதி உழைப்பில் கைகூடுகிறது. இதனோடு ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைகளை ஒரு தட்டும் மூன்று விரலெண்ணலும், பின்னர் இரு முறை தட்டும் வீச்சுமாகக் கையில் போட்டு, அதே வரிசையை மூன்று காலங்களிலும், அதாவது வேகத்தை இரட்டித்து இரட்டித்துப் பாடச் செய்கையில், கையும் குரலும் காதும் ஒருங்கே இயங்கப் பழகுகின்றன. பார்ப்பவருக்கு அலுப்பூட்டும் மீள்பயிற்சியாகத் தோன்றும் இந்த நாற்பது நிமிடங்களே, பாடசாலைச் சங்கீதக் கல்வி முழுவதிலும் மிகவும் மதிக்கப்படவேண்டியவை.

தரம் 8, 9 வகுப்புகளுக்கு வரும்போது, பிற பாட ஆசிரியர் எவரும் எதிர்கொள்ளாத ஒரு சிக்கல் எழுகிறது. பூப்புப் பருவத்தில் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிப்பதனால், ஆண்பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது ஸவிலிருந்து அடுத்த ஸ வரையுள்ள தூரம் முழுவதும், தாழ்ந்துவிடுகிறது. பெண்பிள்ளைகளின் குரலிலும் மாற்றம் உண்டெனினும் அது சிறிது. இம்மாற்றம் நடைபெறும் மாதங்களில் மேற்சுரங்கள் உடைந்துபோக, கீழ்ச்சுரங்கள் இன்னும் வந்துசேராத நிலையில், நேற்றுவரை நன்றாகப் பாடிய மாணவன் இன்று வகுப்பு முன்னிலையில் சிரிப்புக்கு ஆளாகிறான். பெரும்பாலான ஆண்பிள்ளைகள் இசையைக் கைவிடுவது திறமையின்மையால் அன்று, இந்த வெட்கத்தால் என்றே கருதவேண்டியுள்ளது.

இதற்கான மருந்து மரபிலேயே இருக்கிறது. நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, குறிஞ்சி, நவரோஜ், செஞ்சுருட்டி ஆகிய இராகங்கள் மேல் ஸவைத் தொடாமல், அதற்குக் கீழேயே நி, த அல்லது ப என்னும் சுரத்தோடு ஏற்றத்தை முடித்துக்கொள்பவை. நிஷாதாந்திய, தைவதாந்திய, பஞ்சமாந்திய இராகங்கள் என்று இலக்கண நூல்கள் அவற்றை வகைப்படுத்துகின்றன. தாலாட்டும் நாட்டார் பாடலும் பெரிதும் வழங்குவது இவற்றை ஒத்த குறுகிய எல்லைகளில்தான். இவற்றைப் பாடுகையில் சுருதிப் பெட்டியில் ப என்னும் பஞ்சமத்தை மூடி, ம என்னும் மத்திமத்தைத் திறந்துவைப்பது வழக்கம். மத்திம சுருதி எனப்படும் இவ்வமைப்பில், பாடுபவர் தொண்டையை வருத்தாமல் நடுப்பகுதியிலேயே நிற்க இயலுகிறது. குரல் உடையும் மாணவனுக்கு அன்றைய பாடமாக, மேல் ஸவையும் கடந்து செல்லும் வர்ணத்தை விடுத்து இத்தகைய பாடலொன்றைக் கொடுப்பதும், ஓரிரு மாதங்களுக்குத் தாளம் போடும் பொறுப்பையோ மிருதங்கத்தையோ அவனிடம் ஒப்படைப்பதும் அனுபவமுள்ள ஆசிரியர் கையாளும் வழிகள். பாடத்திட்டத்தில் இதற்கென ஒரு வரியும் எழுதப்படவேண்டியதில்லை. ஆசிரியருக்கு மாணவரின் குரலைக் கேட்க நேரம் இருந்தால் போதும்.

அந்த நேரமே அவருக்கு அரிதாகிறது. வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைக் கவனிக்கும் வேலை எல்லாருக்கும் உரியது. ஆனால் வாணி விழா, பரிசளிப்பு விழா, விருந்தினர் வரவேற்பு என எது வந்தாலும் முதலில் அழைக்கப்படுபவர் சங்கீத ஆசிரியரே. தமிழ் மொழித் தினப் போட்டிகளின் காலத்தில் பாடசாலை மட்டத்தில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனப் படியேறும் இசைப் போட்டிகளுக்காக, குரல்வளம் மிக்க சில பிள்ளைகளுடன் பிற்பகல் முழுவதும் ஒத்திகை நடக்கிறது. போட்டிகள் நல்ல பாடகரை இனங்காண உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் ஆசிரியரின் திறமை கிடைத்த வெற்றிக் கேடயங்களால் அளக்கப்படும்போது, மேடையேறாத முப்பது பிள்ளைகளின் காதுகளுக்காக அவர் செலவிட்ட உழைப்பு கணக்கில் வராமற் போய்விடுகிறது. ஒத்திகைக்காக வகுப்பைப் பறிகொடுக்கும் பழக்கத்தை அதிபர்கள் நிறுத்தினாலே இந்தக் குறையிற் பாதி தீர்ந்துவிடும்.

தரம் 11இன் பாடவேளை வேறு தன்மையது. சாதாரண தரப் பரீட்சையில் எழுத்து வினாத்தாளோடு செயன்முறைப் பரீட்சையும் இருப்பதனால், மாணவர் இராக இலட்சணத்தையும் தாள அங்கங்களையும் எழுதத் தெரிந்திருப்பதோடு, பரீட்சகர் முன்னிலையில் தனியாக அமர்ந்து பாடவும் வேண்டும். கூட்டத்தோடு பாடிப் பழகியவர் தனித்துப் பாடும்போது சுருதி நழுவுவது இயல்பாகையால், ஒருவரைப் பாடவைத்து மற்றவர் தாளம் போட்டுக் கேட்கும் முறையில் வகுப்பு நடைபெறுகிறது. 1931இல் நிறுவப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளில், கலாவித்தகர் பட்டம் வரை செல்லும் அந்தப் படிவரிசையில், ஏற்கெனவே சில படிகளைக் கடந்த பிள்ளைகளும் இவ்வகுப்பில் இருப்பதுண்டு. அவர்களைத் துணையாகக் கொள்ளாமல் இவ்வகுப்பை நடத்துவது கடினம்.

நாள் முழுவதும் பிள்ளைகளின் சுருதியில் பாடிக்காட்டும் ஆசிரியரின் தொண்டை பிற்பகலுக்குள் களைத்துவிடுகிறது. பக்கத்து வகுப்பின் இரைச்சலுக்கு மேலாகப் பாடவேண்டியிருப்பது அதைவிடக் கேடானது; தனியான சங்கீத அறை ஆடம்பரமன்று, ஆய்வுகூடத்தைப் போன்ற தேவை. மாலையில் அவர் தம் சொந்தச் சுருதியில் சாதகம் செய்தால்தான் அடுத்த நாளும் குரல் நிற்கும்.

இத்தகைய ஆசிரியர்கள் முற்காலத்தில் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பயின்று வந்தனர். 1960இல் தொடங்கப்பட்டு, மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்து வழிநடத்திய இராமநாதன் இசைக் கல்லூரி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நுண்கலைக் கழகமாயிற்று. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகமும் பட்டதாரிகளை உருவாக்குகிறது. உயர்தரத்தில் சங்கீதத்தைப் பாடமாகக் கற்ற மாணவரே இவற்றின் வாசலை அடைகின்றனர். ஆனால் சங்கீத ஆசிரியர் நியமிக்கப்படாத ஒரு கிராமப் பாடசாலையில், தரம் 6இல் சேரும் பிள்ளைக்கு இப்பாடத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்பே கிடைப்பதில்லை. அங்கு எந்த அழகியற் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடத்தையே அப்பிள்ளை படிக்கிறது.